நானும் நிறுத்திட்டேன் என்று சொன்னது

இன்று காலை ரத்தம் எடுத்த இடத்தில் ஸ்பிரிட் தோய்த்த பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரியின் அந்த நீளமான தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தேன். பஞ்சை எறிந்த பிறகும் வாசனை விரலை விட்டுப் போகவில்லை. முன்பெல்லாம் இந்த வாசனைக்கு அடுத்தபடியாக உன் குரல் வரும். "முட்சிட்டியா அண்ணாச்சி? எந்திரி, நாஷ்டா துன்னலாம். வவுறு கூவுது." இன்று பக்கத்தில் இருந்தவர் செல்போனில் யாரிடமோ டோக்கன் நம்பரைக் கத்திக்கொண்டிருந்தார். வெறும் வயிற்றோடு, எழுந்திருக்க மனமில்லாமல் அரைமணி நேரம் அப்படியே இருந்தேன்.

நீ போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு நான் தனியாக வந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பது இது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் இங்கிருந்து நேராக மயிலாப்பூர் போனேன். மாட வீதியில் பூக்கட்டி விற்கும் உன் மனைவியிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று போய், இரண்டு முறையும் பூவை வாங்கிக்கொண்டு திரும்பினேன். இன்று சொல்லாமல் வீடு திரும்பக் கூடாது என்று பாலவாக்கம் வீட்டில் செருப்பை மாட்டும்போதே முடிவு செய்திருந்தேன். அது என்ன விஷயம் என்று உனக்குத் தெரியாது. தெரியாமலேதான் போனாய். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் சந்தித்ததும் இதே தாழ்வாரத்தில்தான். தி. நகரில் பிளவுஸ் மேட்சிங் துணிக்கடை வைத்திருப்பவன், கையில் நாலு காசு உள்ளவன், எதற்காக இந்த வரிசையில் வந்து நிற்கிறான் என்று நீ பிறகு கேட்டாய். உள்ளதைச் சொன்னேன். எங்கள் ஆட்கள் யாரும் வராத இடம் இது ஒன்றுதான். வியாபாரிகள் சேர்ந்து நடத்திய ரத்ததான முகாமில் பெருமையாகக் கையை நீட்டியவனுக்கு, ஒரு வாரம் கழித்துத் தனியாக வரச்சொல்லி, ஈரலில் பி வகைக் காமாலைக் கிருமி இருக்கிறது, வெகுநாளாக இருக்கிறது என்றார்கள். எங்கள் தெருவில் ஒருவனுக்குத் தெரிந்தால் கடை மூடுவதற்குள் பாண்டி பஜார்வரை தெரிந்துவிடும். துணியை விரித்து வாடிக்கையாளர் தோளில் போட்டுக் காட்டுகிற தொழில் என்னுடையது. என் கையைப் பார்த்து ஒருத்தி நகர்ந்தால் போதும்.

அன்று நான் பெஞ்சின் ஓரத்தில், யார் மேலும் படாமல், தண்ணீர் பாட்டிலை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காக்கிச் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு நீ வந்து ஒட்டி உட்கார்ந்தாய். என் நெற்றி விபூதியையும் சட்டைப்பையில் இருந்த இரண்டு பேனாவையும் பார்த்தே என் ஊர்ப்பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டாய்.

"இன்னா அண்ணாச்சி, தண்ணி கீதா?"

"இருக்கு. ஆனா இது... எனக்கு ஒரு மாதிரியான சீக்கு. நீங்க வெளிய வாங்கிக்கிடுங்க."

"இன்னா சீக்கு?"

"ஈரல்ல. பி."

நீ சிரித்த சிரிப்பில் வரிசையே திரும்பிப் பார்த்தது. "அட, எனக்கும் அதே பி தான் நைனா! ரெண்டு பேரு கிருமியும் ஒன்னுக்கொன்னு வணக்கம் சொல்லிக்கினு போவட்டும். குடு." வாய் வைத்துப் பாதி பாட்டிலைக் காலி செய்தாய்.

அப்போது என் வீட்டில் எனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர், தனியாகக் கழுவப்பட்டுத் தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. டாக்டர் என் மனைவியை எதிரே உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்: தட்டில் பரவாது, ஒன்றாகச் சாப்பிடுவதில் பரவாது, ரத்தத்தில், ஊசியில், சவரக்கத்தியில், படுக்கையில், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவும் என்று. அவளுக்குத் தடுப்பூசியும் மூன்று தவணை போட்டாகிவிட்டது. ஆனாலும் தட்டு தனியாகவே இருந்தது. அவள் கெட்டவள் இல்லை. பயந்தவள். நானும் அதை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை, கேட்டு அவள் மறுத்துவிட்டால் என்ன செய்வது என்று. ஒரு வருடத்தில் என் பாட்டிலில் வாய் வைத்துக் குடித்த முதல் மனிதன் நீ.

அதற்குப் பிறகு நம் வழக்கம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், பிறகு உன் ஆட்டோவில் மயிலாப்பூர். குளத்தோரம் வண்டியைப் போட்டுவிட்டு, உன் மனைவியிடம் போய், "உன் மச்சான் வந்துக்கீறாரு பாரு, அண்ணாச்சிக்கு ஒரு ரோஜா குடு" என்று கலாட்டா செய்வாய். "அவரு காதுல வெச்சிக்கினு கடைக்குப் போவாரா?" என்பாள் அவள். பிறகு பக்கத்து ஹோட்டலில் பொங்கலும் வடையும். உன் தட்டில் இருந்து ஒரு வடையை எடுத்து என் தட்டில் போடுவாய், எனக்கு வேண்டுமா என்று கேட்காமலே.

ஒருநாள் அங்கே உட்கார்ந்து உன்னைக் கேட்டேன். ஊரிலிருந்து ஒரு மாற்று வேட்டியோடு வந்தவன், யாரையும் ஏமாற்றாமல் ஒரு கடையை எழுப்பினவன், குடி கிடையாது, வேறு பழக்கம் கிடையாது, எனக்கு எதுக்குய்யா இது என்று. நீ சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னாய். "எத்தினி தபா கேப்ப? கிருமிக்கு உன் பயோடேட்டா தெரியுமா? வந்துச்சு, குந்திக்கிச்சு. நீ உன் பொங்கல துன்னு."

நான் கேட்டதை விடவில்லை. கோயில் கோயிலாகப் போனேன். ஒரு சாமியார் முன்ஜென்மம் என்றார். ஒரு புத்தகம், நோய் நம்மைப் பக்குவப்படுத்த வருகிறது என்றது. வியாபாரியாகச் சொல்கிறேன், அந்தப் பக்குவம் எனக்கு வந்து சேரவில்லை. இந்த நோய் எனக்கு எதையும் கற்றுத்தரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு காலை, உன்னோடு, ஒளிக்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மணி நேரத்தில் மட்டும் எதற்கு என்ற கேள்வி வாயை மூடிக்கொண்டிருந்தது. அர்த்தம் என்று ஒன்று எனக்குக் கிடைத்தது என்றால் அவ்வளவுதான். அதையும் என் வாயாலேயே கெடுத்தேன்.

உங்களைச் சைதாப்பேட்டை ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து எடுத்து ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போட்ட வருடம் அது. மாதாமாதம் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கு வந்து போவதற்கே உனக்குப் பாதி நாள் போனது. சவாரி போனது. ஒரு வேலைநாள் மத்தியானம் என் கடைக்கு வந்தாய். கையில் ரத்த ரிப்போர்ட். டாக்டரைப் பார்க்க வேண்டிய தேதி அடுத்த வாரம்.

"இங்கிலீஷ்ல கீது. இன்னா போட்டுக்கீறான் பாரு அண்ணாச்சி."

வாங்கிப் பார்த்தேன். கிருமி எண்ணிக்கைக்கு நேரே 'நாட் டிடெக்டட்' என்று இருந்தது. எனக்கும் அதே போல ரிப்போர்ட் வந்திருந்தது. என் கடையில் ஒரு துணியின் நிறத்தை டியூப் லைட் வெளிச்சத்தில் முடிவு செய்ய மாட்டேன். வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்துப் பார்த்தால்தான் சேலைக்குச் சேருமா என்று சொல்வேன். அப்படிப்பட்டவன் அன்று அந்தக் காகிதத்தை நின்ற இடத்தில் ஒரு நொடி பார்த்துவிட்டுச் சொன்னேன். "இல்லைன்னு போட்டிருக்குய்யா. ஸ்டாக் நில். கிருமி காலி."

உன் முகம் எப்படி ஆனது என்று எனக்கு இன்னும் தெரிகிறது. "அப்போ மாத்திரை?"

"அதான் காலியாயிட்டே. இனி எதுக்கு?"

நீ கொஞ்சம் தயங்கினாய். "டாக்டரு ஆயுசுக்கும் துன்னணும்னு சொன்னாரே?"

இந்த இடத்தைத்தான் நான் நூறு முறை திரும்பிப் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் தயங்கும்போது எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. துணியை மடிக்காமல் விட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டுக்கும் இதத்தாம்மா எடுத்திருக்கேன்" என்போம். பாதிப்பேருக்கு மேல் அதில் வாங்கிவிடுவார்கள். முப்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி, அது என் நாக்கில் தானாக ஓடுகிற ஒன்றாகிவிட்டது. அன்று உன் முகத்தில் தயக்கத்தைப் பார்த்ததும், கொண்டுவந்து நிறுத்தியதுபோல அது வந்தது.

"நானும் நிறுத்திட்டேன்யா. பத்து நாளாச்சு. நல்லாத்தான் இருக்கேன்."

நான் நிறுத்தியிருக்கவில்லை. அன்று காலையும் போட்டுக்கொண்டுதான் கடை திறந்தேன். உன்னை ஏமாற்றி எனக்கு ஒரு லாபமும் கிடையாது. தெரிந்தவன் போல ஒன்றைச் சொல்லிவிட்டேன், அது விலை போகாமல் நிற்பதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் தேவலை.

நீ என்னைக் கட்டிப்பிடித்தாய், கடையில் எல்லாரும் பார்க்க. "சோக்கா சொன்ன நைனா!"

அடுத்த வாரம் நான் டாக்டரிடம் போனேன். நீ வரவில்லை. என் ரிப்போர்ட்டைக் காட்டி, கிருமி போய்விட்டதா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். ரத்தத்தில் தெரியவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். ஈரலுக்குள் அது இருக்கும். மாத்திரைதான் அதை எழவிடாமல் அழுத்தி வைத்திருக்கிறது. நீங்களாக நிறுத்தினால் சீறிக்கொண்டு எழும், உயிருக்கே ஆபத்து. எனக்கு உடனே புரிந்தது. ரேக்கில் காலி, கிடங்கில் அப்படியே இருக்கிறது.

வெளியே வந்து உனக்குப் போன் போட்டேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. "டாக்டரை ஒரு நடை பாத்துட்டு வந்துருய்யா" என்று மட்டும் சொன்னேன். "பாக்கறேன் அண்ணாச்சி, ஸ்கூல் சவாரி முட்சிட்டுப் போறேன். மாத்திரை இல்லாம எப்டி கீது தெரியுமா? காலைல எந்திரிச்சா சீக்காளின்ற நெனப்பே வரல." அந்த இடத்தில், நான் பொய் சொன்னேன், நான் நிறுத்தவில்லை, நீ இன்றைக்கே திரும்பப் போடு என்று சொல்லியிருக்க வேண்டும். உன் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். பொய்யன் என்று நீ நினைப்பாயே என்றுதான் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் நாலைந்து தடவை பேசினோம். ஒவ்வொரு தடவையும் "டாக்டர்ட்ட போனியா" என்று கேட்டேன். ஒவ்வொரு தடவையும் நீ "போறேன்" என்றாய். கேட்டுவிட்டோம் என்று போனை வைத்தேன்.

நாலாவது மாதம் உன் கண் மஞ்சளானது. உடம்புச் சூடு என்று நினைத்து, யாரோ கொடுத்த கீழாநெல்லியை மோரில் கலந்து இரண்டு வாரம் குடித்திருக்கிறாய். வயிறு வீங்கிய பிறகுதான் கொண்டுவந்தார்கள். நான் வார்டுக்கு வந்து பார்த்தபோது நீ ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் இருந்தாய். என் கடையில் மஞ்சளில் மட்டும் நாற்பது வகை வைத்திருக்கிறேன். உன் கண்ணில் இருந்த மஞ்சள் அதில் எதோடும் சேரவில்லை.

என்னைக் கண்டதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாய். உன் பிடி அப்போதும் ஆக்சிலேட்டர் பிடித்த பிடியாகத்தான் இருந்தது. கண்ணில் தண்ணீர். உனக்காக அழுகிறாய் என்று நினைத்தேன்.

"அண்ணாச்சி, நீயும் நிறுத்திட்டியே. நம்ம ரெண்டு பேரும் தப்பு பண்ணிட்டோம். நீ இன்னிக்கே போடு. டாக்டரு கைல சொல்லு. வெக்கப்படாத, திட்டுனா திட்டட்டும். போடுறியா?"

நம்ம ரெண்டு பேரும் என்றாய்.

"சரிய்யா. போடுறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

ஒன்பது நாள் இருந்தாய். கடைசி மூன்று நாள் பேச்சு குழறி, ஆள் அடையாளம் தெரியாமல் போனது. அதற்கு முந்தைய ஆறு நாளும் நான் வந்தேன். இளநீர், பழம், புதுப் போர்வை. எல்லாம் கொண்டுவந்தேன், அந்த ஒரு சொல்லைத் தவிர.

இன்று மாட வீதிக்குப் போனபோது மணி பத்து. உன் மனைவி வழக்கமான இடத்தில், தலைக்கு மேலே பாதி கிழிந்த குடையைக் கட்டிக்கொண்டு மல்லி கட்டிக்கொண்டிருந்தாள்.

"வா அண்ணாச்சி. ரத்தம் குடுத்துட்டு வரியா? மொகமே சரியில்ல. நாஷ்டா துன்னியா?"

"இல்லம்மா."

"மாத்திரை?"

முன்பு போன இரண்டு முறையும் இதையே கேட்டாள். "போடுறேம்மா."

"போடு. அவரு நெனவோட பேசுன கடசிப் பேச்சு அதான். அண்ணாச்சி மாத்திரை போட்டாரா, போய்க் கேளு, போய்க் கேளுன்னு. எங்களப் பத்திகூட ஒன்னும் சொல்லல மனுசன்." குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

பக்கத்தில் கிடந்த பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். சொன்னேன். ரிப்போர்ட்டைப் படித்தது, கடையில் சொன்னது, டாக்டர் எனக்குச் சொன்னது, போனில் சொல்லாமல் விட்டது. வரிசையாக, ஒன்றையும் மறைக்காமல். அவள் கை பூவைக் கட்டிக்கொண்டே இருந்தது.

"அப்போ அவரு நிறுத்துனப்போ நீ துன்னுக்கினுதான் இருந்தியா?"

"ஆமா."

"ஆஸ்பத்திரில உனக்கோசரம் அழுதாரே. அப்பவும்?"

"ஆமாம்மா."

ஒரு அம்மாள் வந்து இரண்டு முழம் கேட்டார். முழங்கையில் தாராளமாக அளந்து, வாழை இலையில் சுற்றிக் கொடுத்தாள். அவர் போன பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"இத்த இன்னாத்துக்கு எங்கைல சொல்ற?"

"மனசு கேக்கல."

"உன் மனசு கேக்கலன்னா நான் இன்னா பண்றது? இத்தினி நாளா அவரு தலையெழுத்துன்னு நெனச்சிக்கினு கீறேன். புள்ளைங்களுக்கும் அதான் சொல்லி வெச்சிக்கீறேன். ஏதோ ராவுல தூக்கம் வருது. இப்போ நான் இன்னா பண்ணணும்? உன்ன வையணுமா? மண்ண வாரித் தூத்தணுமா? போனா போவுதுன்னு சொல்லணுமா?" அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு எதுவும் வேணாம். கொண்டாந்தத எடுத்துக்கினு போ."

முப்பது வருடத்தில் என்னிடம் எதையும் திருப்பிக் கொடுக்க வந்தவர்களுக்கு நான் ஒரு பதில் வைத்திருந்தேன். அவள் திருப்பிக் கொடுத்ததை மட்டும் அப்படியே வாங்கிக்கொண்டேன். எழுந்தேன்.

"இனிமே இந்தப் பக்கம் வராத அண்ணாச்சி. பூ வேணும்னா உங்க தி. நகர்லயே கீது." நாலடி போன பிறகு கூப்பிட்டாள். "மாத்திரைய உட்டுடாத. உனக்கோசரம் சொல்லல. அவரு கேட்டாரு, அதுக்கோசரம்."

குளத்தைச் சுற்றி நடந்தேன். இரண்டு சுற்றோ மூன்று சுற்றோ. நானும் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன என்று முன்பு பல நாள் நினைத்திருக்கிறேன். உனக்கு வந்தது எனக்கும் வரட்டும், அப்போது சொன்னது உண்மையாகிவிடும் என்று. அதுவும் விற்கிறவன் புத்திதான். யாரிடமோ காட்டிக்கொள்ள ஒரு சரக்கு. நீ இல்லாத இடத்தில் அதை வாங்க ஆள் கிடையாது. ஆகவே போட்டுக்கொண்டுதான் இருப்பேன். நன்றாக இருப்பேன் என்றே டாக்டர் சொல்கிறார். ஒழுங்காகப் போட்டால் முழு ஆயுசும் வாழலாமாம். முழு ஆயுசு என்று அவர் சொன்னபோது சந்தோஷப்படுவேன் என்று எதிர்பார்த்து என் முகத்தைப் பார்த்தார்.

அவளிடம் இறக்கிவைத்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன், அது உண்மை. அவள் கண்டுபிடித்துவிட்டாள். அதை வாங்கிக்கொள்ளக் கூடிய ஒரே ஆள் நீதான். அதுவும் அந்த ஆறு நாளில் மட்டும். நீ திட்டியிருப்பாய். கஸ்மாலம் என்று சொல்லியிருப்பாய், காறித் துப்பியிருப்பாய். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் இன்று அவள் சொன்னதைக் கேட்ட பிறகுதான் எனக்கு முழுதாக உறைக்கிறது: நான் உண்மையைச் சொல்லியிருந்தால் உனக்கு ஒரு பயம் குறைந்திருக்கும். உன் நினைவு தெளிவாக இருந்த கடைசி ஆறு நாளையும் நீ என் ஈரலை நினைத்துப் பயந்துகொண்டு கழித்தாய். சாவை நினைத்துப் பயப்படவாவது உனக்கு நேரம் மிச்சம் இருந்ததா என்று தெரியவில்லை. ஒரு வார்த்தை போதும், அந்தப் பயத்தை எடுத்திருக்கலாம். அந்த வார்த்தை என் வாயிலேயே இருந்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

நான் நிறுத்தவில்லைய்யா. ஒரு நாள்கூட நிறுத்தவில்லை. நீ எனக்காகப் பயப்பட வேண்டியதே இருக்கவில்லை.